சிகாகோவின் வானளாவிகள்: சேற்றுக்கும் காற்றுக்கும் நடுவே

சிகாகோவுக்கு வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இங்கே ரொம்ப உயரமான பில்டிங் எது? மேலே ஏற விடுவாங்களா?" விடுவார்கள். வில்லிஸ் டவரின் 103-வது மாடிக்குப் போய், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, காலுக்குக் கீழே தெருவைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கலாம். அதில் ஒன்றும் தப்பில்லை. நானே பலரை அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் மேலே ஏறியதுமே, எதைப் பார்க்க வந்தோமோ அந்தக் கட்டடம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. தெரிவதெல்லாம் ஏரியும் சாலையும் மற்றவர்களுடைய மொட்டைமாடியும்தான். சிகாகோவின் கட்டடங்களைப் பார்க்க வேண்டிய இடம் தரை. அதிலும் சுவர் வந்து மண்ணைத் தொடுகிற அந்த ஓரம்.

நான் சிவில் படித்தவன், கட்டட வடிவமைப்புக் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவன். அதனால் வந்த பார்வை என்று யாராவது சொன்னால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஊரின் வானளாவிகளை அழகு, உயரம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவது பாதிக்கதை கேட்டுவிட்டு எழுந்து போவதுதான். மீதிக்கதை, இவை எப்படி நிற்கின்றன என்பதில் இருக்கிறது. கீழே சேறு, மேலே காற்று. இந்த இரண்டையும் சமாளிக்க ஒரு நூறு வருடம் மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதன் அடையாளம் ஒவ்வொரு கட்டடத்திலும் வெளிப்படையாகத் தெரிகிறது.

முதலில் சேறு. மிஷிகன் ஏரிக்கரையில் சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த ஊர் இது. தோண்டினால் ஈரக் களிமண்தான் வரும். கெட்டிப் பாறை வேண்டுமென்றால் நூறு அடிக்கும் கீழே போக வேண்டும். 1850-களில் சாக்கடை ஓட வாட்டம் கிடைக்காமல் தெருக்களையே மண் கொட்டி உயர்த்தினார்கள். தெரு உயர்ந்ததும் கட்டடங்கள் பள்ளத்தில் போயின. உடனே ஜாக்கி வைத்துக் கட்டடங்களைத் தூக்கினார்கள். உள்ளே ஆள் தங்கியிருக்கும்போதே ஹோட்டல்களைத் தூக்கியிருக்கிறார்கள். சென்னையில் சாலை உயர்ந்து வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்தவர்கள் இன்று செய்கிற அதே வேலை, 170 வருடத்துக்கு முன்னால் ஒரு நகரத்தின் மையம் முழுக்க நடந்தது.

அப்புறம் 1871 அக்டோபரில் தீ. சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். மரத்தால் கட்டிய நகர மையம் சாம்பலானது. ரயில்பாதைகள் எல்லாம் கூடுகிற ஊர், தானியமும் இறைச்சியும் மரமும் கைமாறுகிற சந்தை. யாரும் விட்டுவிட்டுப் போகத் தயாராக இல்லை. நிலத்தின் விலை ஏறியது, லிஃப்ட்டும் வந்துவிட்டிருந்தது, ஆகவே மேலே போக ஆரம்பித்தார்கள். வில்லியம் லெ பரோன் ஜென்னி 1885-ல் கட்டிய ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை உலகின் முதல் வானளாவி என்று புத்தகங்கள் சொல்லும். பத்து மாடி. எடையின் பெரும்பகுதியைச் சுவருக்குப் பதில் இரும்புக் கூடு சுமந்தது. 1931-ல் அதை இடித்துவிட்டார்கள். இப்போது போனால் பார்க்க ஒன்றுமில்லை. அதனால் நான் யாரை அழைத்துப் போனாலும் மோனட்நாக் கட்டடத்தில்தான் தொடங்குவேன்.

ஜாக்சன் சாலையும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கிற முனையில் நிற்கிறது மோனட்நாக். கருஞ்சிவப்புச் செங்கல். பதினாறு மாடி. 1891-ல் முடிந்தது. வடக்குப் பாதியின் வெளிச்சுவர்கள் முழுக்கச் செங்கல். தன் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு நிற்கிற சுவர். மேலே போகப் போகச் சுவர் மெலியும், கீழே வர வரத் தடிக்கும். தரையை நெருங்கும்போது ஒரு மெல்லிய வளைவாக வெளிப்பக்கம் விரிந்து இறங்கும். முதலீடு செய்த பாஸ்டன்காரர் பீட்டர் புரூக்ஸ், சுவரில் எந்த வேலைப்பாடும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, அழுக்கும் புறாவும்தான் சேரும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். வரைந்தவர் ஜான் ரூட். அலங்காரம் கிடையாது என்றானதும் அவர் செங்கலையே வளைத்தார். மூலைகளில் கையை வைத்துப் பாருங்கள், கூர்மையே இருக்காது. அதற்கென்று தனியாக வார்த்த செங்கற்கள். கட்டடம் முடிவதற்கு முன்பே, 1891 ஜனவரியில், நிமோனியா வந்து ரூட் இறந்துபோனார். வயது 41.

என் அப்பா பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இங்கே அழைத்து வந்தபோது, எல்லாரையும் போல அண்ணாந்து பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய், சுவரின் கனம் தெரிகிற பக்கத்தில் முழங்கையை வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"நாலு முழம் வருதுப்பா."

"ஆறு அடிப்பா, கணக்குச் சரிதான்."

"உள்ளே தூண் ஓடுதா?"

"தளத்தைத் தாங்க உள்ளே இரும்புத் தூண் இருக்கு. இந்தச் சுவருக்குள்ள எதுவும் இல்ல. செங்கல்தான்."

"பதினாறு மாடிக்குமா?" என்று கேட்டுவிட்டு அப்போதுதான் மேலே பார்த்தார். பிறகு குனிந்து நடைபாதையைப் பார்த்தார். "கீழே மண்ணு என்ன?"

"களிமண்தான்ப்பா."

"அப்போ இறங்கியிருக்கணுமே."

இறங்கித்தான் இருக்கிறது. எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவு உயர்த்தியே கட்டினார்கள். ஆனால் காலப்போக்கில் இருபது அங்குலம் வரை இறங்கிவிட்டது. சமமாக இறங்கியதால் இன்றும் விரிசல் விட்டு விழாமல் நிற்கிறது. அஸ்திவாரத்தை நடைபாதைக்கு அடியில் அகலமாகப் பரப்பி, இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கான்கிரீட்டில் புதைத்த மிதவை மாதிரியான அமைப்பு. களிமண்ணின் மேல் மெத்தை போட்டு உட்கார வைத்தார்கள். இதற்கு மேல் செங்கல்லால் உயர முடியாது. ஆறு அடிச் சுவர் தரைத்தளத்தில் வாடகைக்கு விடக்கூடிய இடத்தையெல்லாம் தின்றுவிடும்.

அப்படியே டியர்பார்ன் தெருவில் தெற்கே நடந்து பாருங்கள். அதே கட்டடம் தொடரும், ஆனால் 1893-ல் வேறு கட்டடக்கலைஞர்கள் கட்டிய தெற்குப் பாதி. அது எஃகுச் சட்டத்தின் மேல் நிற்கிறது. சுவர் மெலிந்துவிடும், ஜன்னல் அகலமாகிவிடும். இரண்டே வருட வித்தியாசம். தடித்த சுவரின் காலம் எங்கே முடிந்தது, சட்டத்தின் காலம் எங்கே ஆரம்பித்தது என்று சுவரில் விரலை வைத்துக் காட்டக்கூடிய இடம் உலகில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் மாடிப்படியையும் பார்த்துவிடுங்கள். கட்டடத்தில் அலுமினியத்தைப் பயன்படுத்திய ஆரம்பகால இடங்களில் அது ஒன்று.

அங்கிருந்து லாசால் தெரு ஐந்து நிமிட நடை. ரூட்டும் அவருடைய கூட்டாளி டேனியல் பர்ன்ஹாமும் 1888-ல் முடித்த ரூக்கரி அங்கே இருக்கிறது. வெளியே கனத்த கோட்டை மாதிரி இருக்கும், உள்ளே நுழைந்தால் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் கொட்டும் முற்றம். வெள்ளைப் பளிங்கும் தங்கக் கோலமும் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1905-ல் மாற்றியமைத்தது. மின்விளக்கை நம்பியிருக்க முடியாத காலத்தில், நடுவில் ஒரு முற்றத்தை விட்டு எல்லா அறைக்கும் பகல் வெளிச்சம் கொடுத்திருக்கிறார்கள். முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இங்கே வருகிற தமிழர்கள் பெரும்பாலும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகாமல் ஊர் திரும்புவதில்லை. 1893 செப்டம்பர் 11-ல் விவேகானந்தர் பேசிய கட்டடம் அது. அவரை அனுப்பிவைக்கப் பணம் திரட்டியவர்களில் சென்னை இளைஞர்கள் முக்கியமானவர்கள் என்பதால் நமக்கும் அந்த இடத்தோடு ஒரு சொந்தம் உண்டு. சர்வமதப் பேரவை நடந்தது ஓர் உலகக் கண்காட்சியின் பகுதியாக. அந்தக் கண்காட்சியின் கட்டுமானம் முழுவதற்கும் தலைமை ஏற்றவர் அதே டேனியல் பர்ன்ஹாம்தான். விவேகானந்தர் வந்து இறங்கிய வருடத்தில்தான் மோனட்நாக்கின் தெற்குப் பாதியும் முடிந்தது. பேசிய மண்டபத்திலிருந்து சில தெரு தள்ளி.

கூட்டாளி ரூட் இறந்த பிறகு பர்ன்ஹாம் கூட வேலை செய்தவர்களில் ஒருவர் சார்லஸ் ஆட்வுட். ஸ்டேட் தெருவில் இருக்கும் ரிலையன்ஸ் கட்டடம் (நம் ஊர் ரிலையன்ஸோடு சம்பந்தமில்லை) அவர் கைவேலை. 1895. இதன் கதையிலும் ஜாக்கி வருகிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த பழைய கட்டடத்தின் மேல்மாடி வாடகைதாரர்கள் குத்தகைக் காலம் முடியாமல் காலி செய்ய மறுத்தார்கள். அவர்களை அப்படியே மேலே முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, அடியில் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைக் கட்டினார்கள். குத்தகை முடிந்த பிறகு மேல்மாடிகள். மெருகேற்றிய வெள்ளைச் சுடுமண் பலகைகளும் பெரிய பெரிய கண்ணாடிகளும்தான் வெளியே தெரியும். சுவர் என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஆறு அடிச் செங்கல்லிலிருந்து இதற்கு வர நான்கே வருடம். ரொம்ப காலம் கேட்பாரற்று அழுக்கேறிக் கிடந்து, பழுதுபார்த்து 1999-ல் ஹோட்டலாகத் திறந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. அட்லர், சல்லிவன் என்ற கட்டடக்கலைஞர் இரட்டையர் 1894-ல் கட்டிய சிகாகோ பங்குச்சந்தைக் கட்டடத்தை 1972-ல் இடித்தார்கள். களிமண்ணின் மேல் மெத்தை போடுவதை விட்டுவிட்டு, கிணறு மாதிரி ஆழமாகத் தோண்டிக் கான்கிரீட் நிரப்பும் முறையை இந்த ஊரில் முதலில் கையாண்டது அந்தக் கட்டடத்தின் ஒரு பக்கத்தில்தான். பின்னால் வந்த ராட்சதக் கட்டடங்கள் எல்லாம் அந்தக் கிணறுகளின் வாரிசுகள். ரிச்சர்ட் நிக்கல் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். சல்லிவனின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பார்த்துப் பொறுக்காமல், படம் எடுப்பதும் போராடுவதும், முடியாதபோது வேலைப்பாடு செய்த துண்டுகளையாவது கழற்றிக் காப்பாற்றுவதுமாக வாழ்ந்தவர். பங்குச்சந்தைக் கட்டடத்துக்குள் அப்படிப் போனபோது இடிபாடு சரிந்து உள்ளேயே இறந்துபோனார். உடலைக் கண்டெடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. அந்தக் கட்டடத்தின் நுழைவாயில் வளைவு இப்போது ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டின் பின்பக்கம், வெளியே புல்வெளியில் தனியாக நிற்கிறது. வியாபார மண்டபத்தை உள்ளே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த வளைவு வரைக்கும் போய்விட்டு வாருங்கள். இந்த ஊரில் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற மக்கள் கூடி நிற்பதற்கு நிக்கலின் சாவும் ஒரு காரணம்.

ஆற்றுப்பக்கம் போனால் ரிக்லி கட்டடம், டிரிப்யூன் டவர் என்று புகழ்பெற்ற ஜோடி. எல்லாரும் படம் எடுக்கும் இடம். டிரிப்யூன் டவரின் வெளிச்சுவரில் தாஜ்மஹால், சீனப் பெருஞ்சுவர் என்று உலகின் பல இடங்களிலிருந்து கொண்டுவந்த கற்களைப் பதித்திருக்கிறார்கள். குழந்தைகள் தேடிப் பார்க்க நன்றாக இருக்கும். 1922-ல் உலகம் முழுக்க அறிவித்த போட்டியில் வென்ற வடிவம் அது. இரண்டும் பார்க்க அழகுதான். ஆனால் எஃகுச் சட்டத்துக்கு மேல் பழைய ஐரோப்பியக் கோபுரத்தின் சட்டையை மாட்டிவிட்ட கட்டடங்கள். மோனட்நாக் தன்னைப் பற்றிச் சொல்வதில் நாலில் ஒரு பங்கு கூட இவை சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆற்றின் வடகரையில் நிற்கும் மெரினா சிட்டி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வரைந்த இரட்டை உருளைகள், 65 மாடி. ஊர்க்காரர்கள் சோளக்கதிர் என்பார்கள். கீழே பத்தொன்பது மாடிக்குச் சுற்றிச் சுற்றி ஏறும் கார் நிறுத்தம்; கார்களின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்துத் துருத்திக்கொண்டிருப்பது தெருவிலிருந்தே தெரியும். அதற்கு மேல் வீடுகள். நடுவில் ஒரு கான்கிரீட் தண்டு. அதிலிருந்து இதழ் இதழாக அறைகள். பணம் போட்டது யார் தெரியுமா? கட்டடங்களில் துப்புரவும் பராமரிப்பும் செய்கிற தொழிலாளர்களின் சங்கம். வசதியுள்ளவர்கள் எல்லாம் புறநகருக்குக் குடிபோய்க்கொண்டிருந்த காலம் அது. நகர மையம் காலியானால் அவர்களுக்கு வேலை ஏது? அதனால் மையத்திலேயே குடியிருக்க வீடு கட்டினார்கள். ஒரு தொழிற்சங்கம் கட்டிய வானளாவி என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் நம்பாமல் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு தோல்வியையும் காட்டிவிடுகிறேன். மில்லேனியம் பூங்காவின் வடக்கே வெள்ளையாக, நேர்குத்தாக ஒரு கட்டடம் நிற்கும். இப்போதைய பெயர் ஏயான் சென்டர். 1970-களின் தொடக்கத்தில் எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டியது, 1,136 அடி. இத்தாலியின் கராரா பளிங்கை மெல்லிய பலகைகளாக அறுத்து, ஏறக்குறைய 43,000 பலகைகளைச் சுவர் முழுக்க மாட்டினார்கள். சிகாகோவின் குளிர் எலும்பைத் துளைக்கும்; கோடையில் வெயில் கொளுத்தும். மாறி மாறிச் சுருங்கியும் விரிந்தும் பளிங்குப் பலகைகள் வளைந்து வெளியே பிதுங்க ஆரம்பித்தன. விழுந்தால் கீழே நடப்பவர்கள் கதி? 1990-லிருந்து 1992 வரை ஒவ்வொரு பலகையாகக் கழற்றி, வெள்ளைக் கிரானைட்டைக் கனமாக வைத்து மாட்டினார்கள். கட்டடம் நன்றாகத்தான் நின்றது. தோல்தான் ஊருக்கு ஒத்துவரவில்லை.

இனி காற்று. உயரம் கூடும்போது கட்டடத்தின் எடையைத் தாங்க எவ்வளவு எஃகு வேண்டும் என்பது ஓரளவு சீராகத்தான் ஏறும். காற்றைத் தாங்க வேண்டிய எஃகு அப்படியல்ல, மாடி ஏற ஏறத் தாறுமாறாக எகிறும். தூணும் பீமுமாகக் கூண்டு கட்டி எழுப்பும் பழைய முறையில், நாற்பது மாடியைத் தாண்டினால் காற்றுக்காகவே பணத்தைக் கொட்ட வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929-ல் டாக்காவில் பிறந்தவர். அங்கே பொறியியல் படித்து, 1952-ல் உதவித்தொகையில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்து, மூன்றே வருடத்தில் இரண்டு முதுகலைப் பட்டமும் ஒரு முனைவர் பட்டமும் வாங்கினார். சிகாகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் ஊர் திரும்பியவர், 1960-ல் மறுபடி இங்கே வந்துவிட்டார்.

அவர் செய்தது சொல்லக் கேட்டால் எளிது. கட்டடத்தின் பலத்தை நடுவில் வைக்காமல் வெளிச்சுவருக்குக் கொண்டுபோனார். மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், பலமெல்லாம் வெளித்தோலில். அதனால்தான் அவ்வளவு மெலிந்த ஒன்று அவ்வளவு உயரத்துக்குக் காற்றில் நிற்கிறது. அதே மாதிரி வெளிப்புறத் தூண்களை நெருக்கமாக வைத்து, பீம்களால் இறுகக் கட்டி, முழுக் கட்டடத்தையும் தரையில் நட்ட ஒரே குழாயாக ஆக்கிவிட்டால், காற்றின் தள்ளலை நான்கு பக்கச் சுவரும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்க ஜான் ஹான்காக் சென்டருக்குப் போக வேண்டும். 2018-லிருந்து முகவரியே பெயராகிவிட்டது, ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 100 மாடி, 1,127 அடி, 1969-ல் முடிந்தது. கட்டடக்கலைஞர் ப்ரூஸ் கிரஹாம், பொறியாளர் கான். முதலில் அலுவலகத்துக்கு ஒன்றும் குடியிருப்புக்கு ஒன்றுமாக இரண்டு கோபுரம் கட்டுவதாக இருந்தது. இடம் போதாது, ஒன்று மற்றதை மறைக்கும் என்பதால், ஒன்றின் தலையில் மற்றதை ஏற்றிவிட்டார்கள். அலுவலகத்துக்கு அகலமான தளம் வேண்டும், வீட்டுக்கு ஜன்னல் பக்கத்தில் இருக்கிற மாதிரி குறுகிய தளம் போதும். அதனால் அடியில் 265 அடிக்கு 165 அடியாக இருக்கும் கட்டடம் உச்சியில் 160-க்கு 100 அடியாக ஒடுங்குகிறது. நாலு பக்கமும் பெரிய பெரிய பெருக்கல் குறிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுவது தெரியும். அவைதான் குழாயை இறுக்கிப் பிடிக்கின்றன. காற்றைத் தடுப்பதோடு, எடையையும் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குப் பகிர்ந்து இறக்குகின்றன. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு ஒரு சதுர மீட்டர் தளத்துக்குச் சுமார் 206 கிலோ எஃகு ஆனது. அதற்கு முப்பத்தெட்டு வருடம் கழித்து வந்த ஹான்காக்கில் சுமார் 145 கிலோ போதுமானதாக இருந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே மயிர்க்கூச்செறியும்.

நிறுத்துவது ஒரு பக்கம் என்றால், உள்ளே இருப்பவர்களுக்குத் தலை சுற்றாமல் இருக்க வேண்டுமே. கட்டடம் எவ்வளவு அசைந்தால் மனிதன் உணருவான் என்று அப்போது யாரிடமும் சரியான பதில் இல்லை. கான் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு சுழலும் மேடையில் ஆட்களை நிற்க வைத்து, உட்கார வைத்து, படுக்க வைத்து, எப்போது அசைவு தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த அருங்காட்சியகம் இருப்பது 1893 கண்காட்சிக்காக எழுந்த கலைமண்டபத்தில். அதை வரைந்தவர் ரிலையன்ஸ் கட்டடம் கட்டிய அதே சார்லஸ் ஆட்வுட். ஹான்காக்கின் மேல்மாடிகளில் குடியிருப்பவர்கள், காற்று பலமாக அடிக்கிற நாளில் தண்ணீர் அலம்புவதைப் பார்க்கலாம் என்பார்கள். பார்க்கலாம், ஆனால் பயமில்லாமல் குடியிருக்கிறார்கள். 44-வது மாடியில் நீச்சல் குளம் இருக்கிறது, மளிகைக் கடைக்குக் கூடத் தெருவுக்கு இறங்க வேண்டாம் என்று அமைத்தார்கள்.

மேலே ஏறியே தீருவேன் என்பவர்களுக்கும் நான் சொல்வது ஹான்காக்கைத்தான். 94-வது மாடியிலிருந்து ஏரிக்கரை வளைந்து போவது வேறெங்கிருந்தும் இப்படித் தெரியாது.

அடுத்தது சியர்ஸ் டவர். 2009-லிருந்து வில்லிஸ் டவர், ஆனால் இங்கே சியர்ஸ் என்று சொன்னால்தான் டாக்ஸிக்காரர் முகம் மலரும். 110 மாடி, 1,450 அடி. 1973-லிருந்து கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் வரும்வரை கால் நூற்றாண்டு உலகின் உயரமான கட்டடமாக இருந்தது. கிரஹாம் ஒரு மதிய உணவின்போது சிகரெட்டுகளைக் கொத்தாகப் பிடித்து, ஏற்றஇறக்கமாகத் தள்ளிக் காட்டி, இப்படி நிற்குமா என்று கானிடம் கேட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். நிற்கும் என்றார் கான். 75 அடிக்கு 75 அடியில் ஒன்பது குழாய்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எழுகின்றன. 50-வது மாடியில் இரண்டு நின்றுவிடும், 66-ல் இரண்டு, 90-ல் மூன்று. மீதி இரண்டு மட்டும் உச்சிக்குப் போகும். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்களோ அதற்கேற்ப உருவம் மாறும். தெற்கிலிருந்து ரயிலில் வரும்போது ஒரு மாதிரி, ஆற்றுப்பாலத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி. அதன் அடியில் ஜாக்சன் சாலையும் ஃபிராங்க்ளின் தெருவும் சந்திக்கும் இடத்துக்குக் கானின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை சின்னது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதன் அடியில் நடந்து போகிறார்கள், அண்ணாந்து பார்ப்பவர்கள் கோபுரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த மனிதர் வேலையோடு நிற்கவில்லை. 1971-ல் வங்கதேச விடுதலைப் போரில் தன் நாடு எரிந்துகொண்டிருந்தபோது சிகாகோவில் வங்காளிகளைத் திரட்டி அமைப்பு தொடங்கி, நிவாரணம் சேர்த்தார். ஜெத்தாவில் ஹஜ் பயணிகளுக்காகக் கூடாரக் கூரைகள் போட்ட விமான முனையத்தின் பொறியியலும் அவருடையதுதான். 1982-ல் அதே ஜெத்தாவில் மாரடைப்பில் இறந்தார். 52 வயது. உடலை சிகாகோவில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

காற்றோடு பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. கட்டடக்கலைஞர் ஜீன் கேங் வரைந்த அக்வா, 82 மாடி, ஒவ்வொரு மாடியின் பால்கனியும் ஒவ்வொரு அளவில் நீண்டு, கட்டடமே அலையடிப்பது போல இருக்கும். அந்த ஏற்றஇறக்கம் காற்றைச் சிதறடிக்கிறது, அதனால் மேல்மாடியிலும் பால்கனியில் நிற்க முடிகிறது. அவரே 2020-ல் முடித்த செயின்ட் ரீஜிஸ் 101 மாடி. பெண் ஒருவர் வடிவமைத்த கட்டடங்களில் உலகிலேயே உயரமானது. அதன் 83-வது மாடியைக் காலியாக, திறந்தே விட்டிருக்கிறார்கள். காற்று வந்து முட்டாமல் அதன் வழியாகப் போய்விடட்டும் என்று. ஒரு மாடி வாடகையை விட்டுக்கொடுத்து வாங்கிய நிம்மதி. இரவில் பார்த்தால் மேலே ஒரு இருட்டுப் பட்டையாகத் தெரியும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். மே முதல் அக்டோபருக்குள் வாருங்கள். ஜனவரியில் இந்த ஊரில் அண்ணாந்து பார்க்கவே முடியாது, கண்ணில் நீர் உறையும். காலையில் மோனட்நாக், ரூக்கரி. அலுவலக நாளாக இருந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஸ்டேட் தெருவில் ரிலையன்ஸ். மதியம் ஆற்றில் கட்டடக்கலைப் படகுப் பயணம் ஒன்று போங்கள், செலவு செய்யத் தகுந்தது. தண்ணீரிலிருந்து மெரினா சிட்டியும் வில்லிஸும் சேர்ந்து தெரியும். பிறகு மிஷிகன் அவென்யூவில் வடக்கே நடந்து ஹான்காக். பெரும்பாலானவர்கள் அங்கே ஏறி இறங்கி, கீழே இருக்கும் கடைகளில் நுழைந்து, நாளை முடித்துவிடுவார்கள். நீங்கள் செஸ்ட்னட் தெருவில் ஏரியை நோக்கிக் கொஞ்சம் நடங்கள். டீவிட்-செஸ்ட்னட் என்று 43 மாடியில் ஒரு குடியிருப்பு, 1960-களின் நடுவில் கட்டியது. இப்போது வேறு பெயர். வழிகாட்டிகள் யாரும் அங்கே நிறுத்துவதில்லை, பார்த்தால் சாதாரண அடுக்குமாடி வீடுதான். வெளிச்சுவரில் தூண்கள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று மட்டும் பாருங்கள். கான் தன் குழாயை முதன்முதலில் கட்டிப் பார்த்தது இதில்தான். ஹான்காக்கும் சியர்ஸும் இதற்கு அப்புறம் வந்தவை.